நாவற்பழ நிறம்

மாதங்கி சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பியபோது நன்றாகப் பழுத்த நாவற்பழ நிறத்தில் இருந்தாள். முகம், கழுத்து, கை, நகக்கண் எல்லாம் ஒரே கருநீலம். எந்தத் தாயும் பார்த்துப் பூரிக்க வேண்டிய நிறம் அது. மகளின் இரத்தத்தில் மூச்சு நிறைந்து வழிகிறது என்று அதற்கு அர்த்தம். ஆனால் கோமளம் அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு தெரியுமில்ல? இப்படி மைப்புட்டியைக் கவுத்துவிட்ட மாதிரி வந்து நிக்கிறியேடி!"

"பனிக்கட்டி வெட்டுற எடத்துல காத்து அவ்வளவுதாம்மா இருக்கு. மூச்சணைவு கூடுதலா ஏத்திக்கிட்டாத்தான் உள்ளயே விடுவாங்க. பசிக்குது, இட்லி இருக்கா?"

செவ்வாய்க் கோளின் பெரும்பள்ளம் ஒன்றில், தளம் தளமாக இறங்கும் ஊர் செங்குழி. காற்று செய்யும் ஆலைகள் உச்சியில் இருந்ததால் மேல்தளங்களில் காற்று தாராளம். கீழே போகப்போக மெலிந்துகொண்டே போகும். சுரங்கத்தில் அது பெயருக்குத்தான் காற்று. மனித இரத்தத்தில் உள்ள இரும்பை மட்டும் நம்பி அங்கே ஒருவன் நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவான். அதனால் செங்குழியில் பல் துலக்குவதைப் போலத் தினமும் எல்லோரும் கையில் ஊசிக்குழலை வைத்து மூச்சணைவு ஏற்றிக்கொண்டார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமல்ல, இட்லிக்குக் காத்திருந்த இந்தப் பெண்ணின் அப்பா, முனைவர் தணிகாசலம். வாலிபத்திலிருந்தே அவருக்கு உலோக அணைவுகள்தான் உலகம். நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் நின்று அதைக் கைகோத்துப் பிடித்திருக்கும் ஈனிகள், அவ்வளவுதான் அணைவு. ஆனால் பிடி கொஞ்சம் மாறினாலும் குணம் தலைகீழாக மாறிவிடும். அவர் கோபால்ட்டோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அது ஆக்சிஜனைப் பிடித்தால் விடுவேனா என்றது. மாங்கனீசு பிடிக்கவே மாட்டேன் என்றது. கடைசியில் செம்புதான் சொன்ன பேச்சைக் கேட்டது. சரியான ஈனிகளைச் சுற்றி நிறுத்தியதும் நுரையீரலில் ஆக்சிஜனை வாங்கி, தசையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி வந்து நின்றது.

ஆக்சிஜன் ஏறிய செம்பு நீலம். இறங்கிய செம்புக்கு நிறமே கிடையாது. அவருடைய மகிழ்ச்சியெல்லாம் அந்த நிறமாற்றத்தில்தான் இருந்தது. "இனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் வெளிறினால் அவருக்கு மூச்சு இல்லை என்று தெருவில் போகிற எவருக்கும் தெரிந்துவிடும். உடனே ஓடிப்போய் உதவலாம்," என்று முதல் நாள் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

செம்பின் குணத்தை முழுக்கப் படித்த மனிதர் தம் ஜனங்களின் குணத்தைப் படிக்காமல் விட்டுவிட்டார். சுரங்கத்தில் உழைப்பவர்கள் நிறைய ஏற்றிக்கொண்டு கருநீலமாகத் திரும்பினார்கள். மேல்தளத்தில் நாற்காலி தேய்ப்பவர்களுக்குத் துளி போதும் என்பதால் வெளிறியே இருந்தார்கள். ஒரு தலைமுறை போவதற்குள் வெளிறல் அழகாகிவிட்டது. 'நல்ல குடும்பத்து வெளிறிய மணமகள் தேவை' என்று விளம்பரம் வந்தது. குடியிருப்பதே செவ்வாயில் என்றான பிறகு செவ்வாய் தோஷம் பார்க்க வழியில்லாமல் போயிருந்தது. ஒரு தொல்லை ஒழிந்தது என்று பெண்ணைப் பெற்றவர்கள் பெருமூச்சு விட்ட இடத்தில் நிறம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

மாதங்கியை ஏற்கெனவே இரண்டு வீட்டார் பார்த்திருந்தார்கள். முதல் வீட்டார் காப்பியை முடிக்காமல் எழுந்தார்கள். இரண்டாவது வீட்டார் வாசலிலேயே அவளைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனார்கள். இன்று வருவது மேல்தளத்துத் தையல்நாயகி அம்மாள் குடும்பம்.

இட்லியை மகளுக்கு வைத்துவிட்டுக் கோமளம் பக்கத்து அறைக்குப் போனாள். அதுதான் தணிகாசலத்தின் ஆய்வுக்கூடம்.

"என்னங்க, அந்த எலி மருந்து இன்னும் வச்சிருக்கீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. மூச்சணைவை இன்னும் மேம்படுத்தப் பார்த்து அவர் தோற்ற ஒன்று உண்டு, இறுக்கணைவு. அதிலிருந்த ஈனிகள் செம்பை இடுக்கிப் பிடியாகப் பிடித்துக்கொண்டன. ஆக்சிஜன் கிட்டவே வர முடியவில்லை. இரத்தத்தில் ஒரு சொட்டு கலந்தாலும் அந்த ஈனிகள் மூச்சணைவில் இருக்கும் செம்பையும் பறித்து இறுக்கிவிடும். மூச்சணைவு ஏற்றிய எலிகள் அதைக் குடித்ததும் முத்துப்போல வெளுத்து, அழகாகப் படுத்துக்கொண்டன. தம்மைப் போல வேறு யாரும் இந்தத் தவறைச் செய்துவிடக் கூடாதே என்று தணிகாசலம் அதன் செய்முறையை ஒன்றுவிடாமல் ஆய்விதழில் வெளியிட்டார். தோற்ற கதையை யார் படிப்பார்கள்? ஒருவரும் படிக்கவில்லை.

"கோமளம், அது விஷம்."

"அளவு தெரிஞ்சவர்தானே நீங்க? வந்துட்டுப் போற வரைக்கும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. நான் ஒரு பொய்தான் கேக்கறேன்."

அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் பிறகு ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கு, வாசலிலிருந்து திரும்பிப்போன அந்தக் குடும்பத்தின் முதுகுதான் அவர் கண்முன் வந்து நின்றது. அலமாரியைத் திறந்தார்.

மாதங்கி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் பிடிக்கலைப்பா. ஆனா இந்தத் தடவையும் திரும்பிப் போனா அம்மா உடைஞ்சு போயிடுவா. ஒண்ணும் ஆகாதில்ல?"

"அரைச் சொட்டுதாம்மா. அந்த அளவுன்னா சுத்த ஆக்சிஜன் பட்டதும் பிடி விட்டுடும். அவங்க போனதும் ஆக்சிஜன் குழாயை வச்சு மூச்சு ஏத்திவிட்டுடறேன்."

"நீங்க சொன்னாச் சரி," என்று அவள் குடித்தாள். மூச்சணைவை எத்தனை பேர் பாராட்டியபோதும் அவருக்கு வராத கூச்சம் அந்த மூன்று சொல் நம்பிக்கையைக் கேட்டபோது வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் தையல்நாயகி அம்மாள் தன் மகன் பரிதியோடு வந்தாள். அவள் கணவரும் வந்தார்; அவர் பேச்சு அந்தக் குடும்பத்தில் எப்போதும் எடுபட்டதில்லை என்பதால் அவரைப் பற்றி இங்கேயும் விட்டுவிடலாம். கோள் மாறினாலும் சொஜ்ஜி பஜ்ஜி மாறவில்லை. தட்டுகள் வந்தன. பிறகு மாதங்கி வந்தாள்.

நாவற்பழம் போன இடம் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தாள். காற்றில் மிதப்பவளைப்போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள்.

"என்ன நளினமா நடக்கறா பாரு!" என்று தையல்நாயகி மகனின் தொடையில் தட்டினாள்.

மாதங்கியால் காலைத் தூக்க முடியவில்லை என்பது தணிகாசலத்துக்குத் தெரிந்தது. அவள் நமஸ்கரித்துவிட்டு நிமிர நேரமாயிற்று. "பெரியவங்ககிட்ட என்ன மரியாதை!" என்றாள் தையல்நாயகி. படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு மாதங்கி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். சுரங்க மேற்பார்வையாளர்களை ஒரு கை பார்க்கும் பெண், வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். "நம்ம பக்கத்துப் பொண்ணுங்க மாதிரி வாயாடி இல்லை. எவ்வளவு அடக்கம்!" என்று அந்த அம்மாள் உருகினாள்.

மாதங்கி பஜ்ஜித் தட்டை நீட்டியபோது தணிகாசலம் அவள் நகங்களைப் பார்த்தார். வெள்ளை போய்ச் சாம்பல் பூத்திருந்தது. எலிகளுக்கும் அப்படித்தான் பூத்தது. அரைச் சொட்டு என்பது அவர் கணக்கு. ஆனால் சுரங்கத்திலிருந்து வந்தவள் உடம்பு ஏற்கெனவே களைத்திருந்தது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். இப்போதே எழுந்து குழாயை எடுத்து வந்தால் ஒரு கேடும் வராது. இரண்டே வாய் ஆக்சிஜன் போதும். ஆனால் அப்படிச் செய்தால் அவள் இங்கேயே, இவர்கள் கண்முன்னாலேயே நீலமாகிவிடுவாள்.

அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். கோமளம் கண்ணால் அதட்டினாள். இன்னும் காப்பிதானே பாக்கி, குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்து மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். பெற்ற மகளின் மூச்சைவிட விருந்தாளியின் காப்பி அவருக்குப் பெரிதாக இருந்தது. வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

"பாடத் தெரியுமா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

மாதங்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையைப் பஜ்ஜித் தட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவள் ஒரு வரி பாடினாள். இரண்டாவது வரியில் குரல் இழுபட்டு, நடுங்கி, இல்லாமலே போயிற்று.

"ஆகா, என்ன குழைவு!" என்று தையல்நாயகி கண்களை மூடினாள். அதனால் மாதங்கி விழுந்ததை அவள் பார்க்கவில்லை. செவ்வாயில் எதுவும் மெதுவாகத்தான் விழும். முதலில் பஜ்ஜித் தட்டு, பிறகு அவள். தணிகாசலம் ஓடிப்போய்க் குழாயைக் கொண்டுவந்து அவள் மூக்கில் வைத்தார். முதலில் உதடு, பிறகு கன்னம், பிறகு கழுத்து என்று அந்த அழகான கருநீலம் எல்லோர் முன்னாலும் ஊறிக்கொண்டே வந்தது.

"அடப்பாவமே! இதுதான் நிஜக் கலரா?" என்று எழுந்தாள் தையல்நாயகி. கீழே கிடக்கும் பெண்ணுக்குக் கைகொடுக்கக் குனிந்த பரிதியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மாதங்கி எழுந்து உட்காரச் சற்று நேரமாயிற்று. கோமளம் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

"எப்பப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று மாதங்கி கேட்டாள்.

"நகத்தைப் பார்த்தப்ப."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் பஜ்ஜி கொண்டுவந்து நீட்டினப்பவா? அப்பப் பாட்டுக்கு முன்னாடியே தெரியும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்துபோய் வேலை உடுப்பைத் துவைக்கப் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. முக்காடு போட்டுக்கொண்டு தையல்நாயகி அம்மாள் தனியாக நின்றாள். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் கைகட்டி நின்றார். அவள் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர் சார், நேத்து நடந்ததை மறந்துடுங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, வயசு ஏறிக்கிட்டே போகுது. மேல்தளத்துல இருந்தும் அவளுக்குக் கொஞ்சம் நீலம் அடிக்குது. அந்த மருந்துக்குப் பேரு என்ன?"

"அம்மா, என் பொண்ணு விழுந்து கிடந்ததை நீங்க பார்த்தீங்களே!"

"விழுந்தா. ஆனா விழுறதுக்கு முன்னாடி எப்படி இருந்தா!"

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குப்பியைச் சாக்கடையில் கொட்டினார். அதனால் ஒரு பயனும் இல்லை. தேடுகிறவர்களுக்கு ஆய்விதழ் கிடைத்தது. யாரும் செய்துவிடக் கூடாதென்று அவர் எழுதி வைத்த செய்முறையைப் பார்த்து, ஊரெல்லாம் அதைச் செய்தார்கள். ஒரு வார்த்தைகூடத் தவறவிடாமல் எழுதியிருந்தாரே, செய்வதற்கு வெகு சுலபமாக இருந்தது.

செங்குழி வெளுத்தது. மேல்தளத்தார் இன்னும் மேலே போக ஆசைப்பட்டார்கள். நடுத்தளத்தார் மேல்தளத்தாரைப்போல ஆனார்கள். மக்கள் மெதுவாக நடந்தார்கள், குறைவாகப் பேசினார்கள், அடிக்கடி உட்கார்ந்தார்கள். பூமியிலிருந்து வந்த பார்வையாளர் ஒருவர், இவ்வளவு அமைதியும் பண்பும் உள்ள ஊரைத் தாம் கண்டதில்லை என்று எழுதினார். சில வீடுகளில் சிலர் எழுந்திருக்கவில்லை. அவர்கள் தூக்கத்திலேயே போன புண்ணியவான்கள் என்று ஊர் சொன்னது. உடல் எவ்வளவு வெளுப்பாக இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னது. தணிகாசலம் ஊர் நிர்வாக அவைக்கு மனுமேல் மனு கொடுத்தார். அவை நெடுநாள் யோசித்துவிட்டு, இறுக்கணைவைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு விருது கொடுப்பதென்று முடிவு செய்தது.

"போகாதீங்கப்பா," என்றாள் மாதங்கி.

"போறேம்மா. ஊர் மொத்தமும் அங்க இருக்கும். மேடையில நின்னு, இது விஷம், நான் என் பொண்ணுக்கே குடுத்தேன்னு சொல்லப்போறேன். அதைச் சொன்னாத்தான் எனக்கு மூச்சே வரும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாலைக்குப் பிறகு அவள் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்ப நானும் வர்றேன்," என்றாள்.

அவர் உள்ளபடியே சொல்லத்தான் நினைத்தார். அதில் கள்ளம் இல்லை. ஆனால் விழா நாள் காலை கண்ணாடி முன் நின்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபோது ஒன்று தோன்றியது. படம் எடுப்பார்கள். படம் பூமிக்குப் போகும். கூடப் படித்தவர்கள் பார்ப்பார்கள். அத்தனை வெளிறிய முகங்களுக்கு நடுவே தாம் மட்டும் ஊதாவாக நிற்பதை நினைத்துப் பார்த்தார். சொல்லப்போகும் விஷயம் பெரியது. அதைச் சொல்பவன் கொஞ்சம் பார்க்கும்படி இருந்தால் ஜனங்கள் காதுகொடுப்பார்கள் அல்லவா? கோமளத்தின் ஒப்பனைப் பெட்டியில் கடையில் வாங்கிய இறுக்கணைவுக் குப்பி ஒன்று இருந்தது. அரைச் சொட்டு. அளவு தெரிந்தவர்தானே.

அவைத் தலைவர் மூச்சு வாங்க வாங்க வரவேற்றார். இறுக்கணைவுக்குப் பூமியிலிருந்து மாபெரும் கொள்முதல் ஆணை வந்திருப்பதை அறிவித்தார். மேடையில் பக்கத்து நாற்காலியிலிருந்த தணிகாசலம் திடுக்கிட்டார்.

"அங்க யாருக்கும் இரத்தத்துல மூச்சணைவே கிடையாதே! வெறும் இரும்புதானே? இது அங்க வேலையே செய்யாது!"

"அதையும் எழுதிட்டோம் சார்," என்றார் தலைவர் உட்கார்ந்தபடி. "வேலை செய்யலைன்னாலும் பரவாயில்லை, அனுப்புங்கன்னு பதில் வந்திருக்கு."

தணிகாசலத்தை அழைத்தார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் தையல்நாயகி அம்மாள் முத்துப்போல உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில், சுரங்கத்தார் இடத்தில், நாவற்பழ நிறத்தில் மாதங்கி நின்றாள்.

"அன்பானவர்களே," என்றார். "இந்த மருந்து..." என்றார். அடுத்த சொல்லுக்கு மூச்சு இல்லை. நெஞ்சைத் திறந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. விஷம் என்ற சொல் தொண்டையில் முழுசாக இருந்தது. அதைத் தள்ளிவிடத்தான் காற்று இல்லை. தலை தானாகக் கவிழ்ந்தது.

அரங்கம் நெகிழ்ந்தது. "எவ்வளவு பெரிய மனுஷர்! தற்பெருமையா ஒரு வார்த்தை வரலை பாருங்க," என்று தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன அடக்கம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் ஆமோதித்தார். வெளிறிய கைகள் பலமில்லாமல் தட்டின. தணிகாசலம் அந்தக் கைதட்டலுக்கு நடுவே தம் நகங்களைப் பார்த்தார். மாதங்கி அன்று பஜ்ஜித் தட்டோடு நின்ற இடத்தில் இப்போது அவர் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அந்த ஒருவர் காப்பி முடியட்டும் என்று காத்திருந்தால்?

மாதங்கி காத்திருக்கவில்லை. அவர் தலை கவிழ்ந்தபோதே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்திருந்தாள். மேடை ஏறி, இடுப்பிலிருந்த சுரங்கக் குழாயை எடுத்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினாள். அவர் அவள் தோளில் சாய்ந்தார். மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அரைச் சொட்டாப்பா?" என்று அவள் காதோரம் கேட்டாள்.

அவர் ஆமென்று தலையசைத்தார். அதைவிடக் கேவலமான தலையசைப்பு அவர் வாழ்க்கையில் இல்லை.

"ஐயோ, கறுக்கறாரே," என்றது முன்வரிசை. படம் எடுப்பவன் பதறிக்கொண்டு மேடையருகே வந்தான். "அம்மா, அந்தக் குழாயை ஒரு நிமிஷம் எடுங்களேன். பூமிக்குப் போற படம், நீலமா விழுந்துடும்."

பேச இப்போது தணிகாசலத்துக்கு மூச்சு இருந்தது. விஷம் என்று சொல்ல ஒரே மூச்சு போதும். ஆனால் வாய் திறக்கும் முன் அவர் வலது கை தானாகவே மேலே எழுந்து, குழாயை விலக்கப் போனது. பாதி வழியில் மாதங்கி அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்க முடியாமல் கண்களை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் படம் எடுக்கப்பட்டது. சாப்பாடு தயார் என்று தலைவர் அறிவித்தார். கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

படத்தில் அப்பாவும் மகளும் ஒரே நாவற்பழ நிறத்தில் விழுந்திருந்தார்கள். அவை அலுவலகத்தில் அதை நன்றாக வெளுத்துத்தான் பூமிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் உடனே வந்தது. படம் அருமை, இன்னும் கொஞ்சம் வெளுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.